படகு இன்ஜினுக்கு எலக்ட்ரிக் ஃபியூயல் பம்ப்பா, மெக்கானிக்கல் பம்ப்பா?

படகுக்குள்ளேயே பொருத்திய கார்புரேட்டர் பெட்ரோல் இன்ஜினில் ஃபியூயல் பம்ப் போய்விட்டால் இரண்டு வழி உண்டு. அதே மாதிரி மெக்கானிக்கல் பம்ப் வாங்கி மாட்டலாம். இல்லையென்றால் அந்த இடத்தைத் தகடு போட்டு மூடிவிட்டு எலக்ட்ரிக்குக்கு மாறலாம். நான் மாறிவிட்டேன். இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு.

மெக்கானிக்கலின் நல்ல குணங்கள் தெரிந்தவைதான். வயர் கிடையாது, ஃபியூஸ் கிடையாது. இன்ஜின் சுற்றினால் ஓடும், நின்றால் தானே நிற்கும். அதிலேயே இருக்கப்போகிறீர்கள் என்றால் படகுக்கென்று செய்த பம்ப்பையே வாங்குங்கள். அதில் இரண்டு டயாஃப்ரம் (பெட்ரோலைத் தள்ளும் மெல்லிய ரப்பர் சவ்வு) இருக்கும். ஒன்று கிழிந்தால், கசியும் பெட்ரோல் உள்ளே இருப்பது வெளியே தெரியும் ஒரு குழாய் வழியாகக் கார்புரேட்டருக்குப் போகும், கண்ணுக்கும் தெரியும். கார் பம்ப்பில் அது ஆயிலோடு கலக்கும் அல்லது படகின் அடியில் சொட்டும்.

சரி, அப்புறம் ஏன் மாற வேண்டும்? பல நாள் நின்ற படகில் கார்புரேட்டர் கிண்ணம் (பெட்ரோல் தேங்கி நிற்கும் சின்ன அறை) காய்ந்திருக்கும். மெக்கானிக்கல் பம்ப் அதை நிரப்பும்வரை ஸ்டார்ட்டரை விடாமல் சுற்ற வேண்டும். பேட்டரி இறங்குவதுகூடப் பரவாயில்லை. கூடவே, இன்ஜினைக் குளிர்வித்து எக்சாஸ்ட் வழியே வெளியேறும் தண்ணீரைத் தள்ளும் கடல்தண்ணீர் பம்ப்பும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இன்ஜின் பிடிக்காததால் அந்தத் தண்ணீரை வெளியே தள்ளப் புகையின் வேகம் இல்லை. அது மஃப்ளரில் நிரம்பி, எக்சாஸ்ட் வழியே சிலிண்டருக்குள் திரும்பினால் இன்ஜினே போச்சு. எலக்ட்ரிக் பம்ப் கிண்ணத்தைச் சீக்கிரம் நிரப்பிவிடும். அவ்வளவு நேரம் சுற்றத் தேவையில்லை.

இப்போது அந்த நிபந்தனை: ஆயில் பிரஷர் சுவிட்ச். இது இல்லாமல் எலக்ட்ரிக் பம்ப் போடவே கூடாது. பம்ப்பைச் சாவியிலிருந்து நேராக இணைத்தால், இன்ஜின் நின்ற பிறகும் சாவி ஆனில் இருக்கும்வரை அது பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு குழாய் பிளந்திருந்தால் அத்தனையும் படகின் அடியில்தான் சேரும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய அடித்தளத்தில் அப்படியே தங்கும். ஒரு பொறி போதும்.

சுவிட்ச் இருந்தால் ஆயில் அழுத்தம் வந்த பிறகுதான் பம்ப்புக்குக் கரண்ட் போகும். இன்ஜின் நின்றால் பம்ப்பும் நிற்கும். ஓட்டத்தில் ஆயில் அழுத்தம் போனாலும் பம்ப் நின்றுவிடும், கிண்ணத்தில் மீதமிருப்பது தீர்ந்ததும் இன்ஜின் அணையும். மெக்கானிக்கலில் இந்தக் காவல் கிடையாது.

ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தம் இருக்காதே? அதற்குத்தான் மூன்று டெர்மினல் சுவிட்ச். ஸ்டார்ட்டர் சுற்றும்போது சொலினாய்டு (ஸ்டார்ட்டருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) பக்கத்திலிருந்தும், அழுத்தம் வந்த பிறகு சாவிப் பக்கத்திலிருந்தும் பம்ப்புக்குக் கரண்ட் கொடுக்கும். இரண்டு டெர்மினல் சுவிட்சை வைத்து ஸ்டார்ட்டர் வயரையும் பம்ப் வயரோடு முறுக்கிவிட்டால், இன்ஜின் ஓடும்போது கரண்ட் திரும்பிப் பாய்ந்து ஸ்டார்ட்டரையே இயக்கிவிடும். பம்ப்புக்கான கரண்டை, ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலின் பாசிட்டிவ் முனையிலிருந்தும் எடுக்காதீர்கள். அங்கே ரெசிஸ்டர் இருந்தால் பம்ப்புக்கு 12 வோல்ட் முழுதாக வராது.

பம்ப் வாங்கும்போது எஸ்.ஏ.இ. ஜே1171 முத்திரை இருக்கிறதா பாருங்கள். சுற்றியுள்ள ஆவியைப் பற்றவைக்காது என்பதற்கான தரம் அது. அழுத்தம் உங்கள் கார்புரேட்டருக்குப் பொருந்த வேண்டும். கூடினால், கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை நிறுத்தும் நீடில் வால்வைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வழியும். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் பம்ப்புக்கு முன்னால் இருக்கட்டும்.

எத்தனை வருடம் உழைக்கும் என்பதில் மெக்கானிக்கலை மிஞ்சும் என்று நான் சொல்ல மாட்டேன். என்னுடையது இன்னும் புதுசு. டீசல் இன்ஜினுக்கும் இன்ஜெக்ஷன் இன்ஜினுக்கும் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மாட்டி முடித்ததும் புளோயரை (இன்ஜின் அறை ஆவியை வெளியேற்றும் விசிறி) நாலு நிமிடமாவது ஓட விடுங்கள். பிறகு சாவியை ஆனில் வைத்து, ஸ்டார்ட் செய்யாமல் காது கொடுத்துக் கேளுங்கள். பம்ப் சத்தம் வந்தால் வயரிங் தப்பு. சரிசெய்யாமல் படகை எடுக்காதீர்கள்.