மேல் செரிமானப் பாதை ஸ்லைடு பெட்டி: முதலாண்டு எம்பிபிஎஸ் மாணவர்களுக்கு

நாக்கிலிருந்து டியோடினம் (சிறுகுடலின் முதல் பகுதி) வரைக்குமான மைக்ரோஸ்கோப் ஸ்லைடுகள், எல்லாமே ஹெமடாக்சிலின், ஈயோசின் சாயம் ஏற்றியவை. வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் பதில், தாராளமாக வாங்கலாம், ஆனால் டியோடினம் ஸ்லைடை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியிலேயே சிறந்தது உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தின் ஸ்லைடுதான். பல அடுக்குச் செதில் எபிதீலியம் (உட்பரப்பை மூடும் செல் படலம்) தடிமனாக வந்துகொண்டே இருக்கிறது, திடீரென்று ஒரே கோட்டில் நின்று, அதற்கு அடுத்த செல்லிலிருந்து ஒற்றை அடுக்குத் தூண் செல்கள் தொடங்கிவிடுகின்றன. பாடப் படத்தில் பார்ப்பதற்கும் இதை நேரில் பார்ப்பதற்கும் அவ்வளவு வித்தியாசம்! உணவுக்குழாய்க்கு மேல், நடு, கீழ் என மூன்று தனி வெட்டுகள் தந்திருப்பது ரொம்ப நல்ல விஷயம், ஏனென்றால் மேலே வரித்தசை, நடுவில் இரண்டும் கலந்து, கீழே மென்தசை மட்டும் என்று மாறுவதை வரிசையாகப் பார்த்தால்தான் மனதில் நிற்கும்.

இரைப்பையின் மேல் பகுதியான ஃபண்டஸின் ஸ்லைடில் சாயம் அருமை. 40 எக்ஸ் லென்சில் அமிலம் சுரக்கும் பரைட்டல் செல்கள் இளஞ்சிவப்பாக, சுரப்பியின் அடியில் பெப்சினோஜன் என்ற செரிமான நொதியின் முன்வடிவத்தைச் சுரக்கும் சீஃப் செல்கள் நீலம் கலந்த ஊதாவாகத் தனித்துத் தெரிகின்றன. நாக்கு ஸ்லைடு சுமார்.

குறை டியோடினத்தில். எனக்கு வந்த வெட்டில் சப்மியூகோசா (உட்சவ்வுக்கு அடியில் உள்ள அடுக்கு) பாதி கிழிந்திருந்தது, அப்புறம் அந்த அடுக்கில் இருக்கும் புரூனர் சுரப்பியை எங்கே தேடுவது? அது இல்லையென்றால் டியோடினம் என்று அடையாளம் சொல்லவே கஷ்டம். கேட்டதும் மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் நீங்கள் பெட்டியைத் திறந்ததுமே அதை முதலில் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.