கும்பகோணத்துப் பெரியம்மாவுக்கு எந்த போன்?

முதியோர் குடியிருப்பில் இருப்பவருக்குப் பட்டன் போனா, ஸ்மார்ட்போனா?

விலை: பட்டன் போன் 2,000 ரூபாய்க்குள் முடியும். மற்றது பல மடங்கு; டேட்டா செலவு வேறு.

சார்ஜ்: பட்டன் போன் சில நாள் தாங்கும். ஸ்மார்ட்போனைத் தினமும் செருக வேண்டும்.

கையாளுதல்: வறண்ட விரலைத் தொடுதிரை பல நேரம் மதிப்பதே இல்லை, தேய்த்து முடிப்பதற்குள் மணி நின்றுவிடும். பட்டன் போனில் 2-ஐ அழுத்திப் பிடித்தால் மகன், 3 என்றால் மகள் என்று பதிந்து கொடுக்கலாம்.

ஆனால் மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து, ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தால்? வாய்ச்சொல்லைப் பெரியம்மா நம்பமாட்டார். நுரையும் சருகுமாய் அது புரண்டு வருவதைக் காட்ட வீடியோதான் வேண்டும். காது மந்தமானவருக்கும் முகம் தெரிவது பெரிய உதவி.

தனியே சமாளிப்பவருக்குப் பட்டன் போன். எடுத்துக் கொடுக்க ஆள் இருந்தால் ஸ்மார்ட்போன். நிறுத்திவைக்க ஒரு ஸ்டாண்டும் வாங்குங்கள், இல்லையேல் மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.