பாசிப் பந்து, மூன்று வருடம்: மரம் இருக்கிறது, பாசி இல்லை

போன வாரம்தான் என் கொக்கெடாமாவை, அதாவது வேரைச் சுற்றி மண் பிடித்துப் பாசி போர்த்திய ஜப்பானியச் செடிப் பந்தை, மூன்றாவது தடவையாகப் பிரித்துக் கட்டினேன், நகக்கண்ணில் கருப்பு இன்னும் போகவில்லை. அந்த நேரம் பார்த்து டோக்கியோவில் நிஷி கசாய் பக்கத்துத் தோழி ஒருத்தி, "நீ இதைக் கட்டக் கற்றுக்கொண்ட அந்த வகுப்புக்கு நானும் போகட்டுமாடி?" என்று கேட்டாள். வாயால் சொன்னால் கோபம்தான் வரும், எழுதிவிடுகிறேன்.

கொக்கே என்றால் பாசி, தாமா என்றால் உருண்டை. பேரிலேயே முதலில் நிற்கிற பாசிதான் வீட்டுக்குள் வந்ததும் முதலில் சாகிறது.

வகுப்பைக் குறை சொல்ல முடியாது. நாணல் மக்கி உண்டான கெத்தோ மண் ஏழு பங்கு, அகதாமா என்ற சிவப்புக் குருணை மண் மூன்று பங்கு, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, விரிசல் விழாமல் வேரைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். கொழுக்கட்டை பிடித்த கைக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை. மேலே ஹைகோக்கே பாசியைப் போர்த்தி, கருப்பு நூலைக் குறுக்கும் நெடுக்கும் சுற்றினால் முடிந்தது.

ஆனால் உள்ளே வைக்கக் கொடுத்தது கஜுமாரு. ஓகினாவா பக்கத்து மரம், நம் ஆலமரத்துக்குச் சொந்தம், குளிர் ஆகாது. பாசிக்கோ ஈரக்காற்று வேண்டும். ஜனவரியில் மரத்துக்காக உள்ளே வைத்தால் ஹீட்டர் காற்றில் பாசி தேங்காய் நாராகிறது, பாசிக்காக பால்கனியில் வைத்தால் மரம் இலையைக் கொட்டுகிறது. இரண்டையும் ஒரே நூலில் கட்டிக் கொடுத்துவிட்டு, "ஸ்ப்ரே அடிங்க, போதும்" என்றார் ஆசிரியை! அப்புறம் குட்டை மரங்கள் வளர்க்கிற ஓமியா போன்சாய் கிராமத்துக்குப் போனபோதுதான் உறைத்தது, அங்கே பாசி பச்சைப்பசேலென்று இருக்கிறதென்றால், மரங்கள் எல்லாம் வெளியிலேயே நிற்பதால்தான்.

சரி, பிடித்ததையும் சொல்ல வேண்டும். வாளியில் முக்கினால் குமிழி குமிழியாக வரும், அது நின்றதும் எடுத்துவிடலாம். முதல் வருடம் விரலை விட்டு, குச்சியை விட்டுச் சோதித்துக்கொண்டிருந்தேன். இப்போது உள்ளங்கையில் தூக்கினாலே தண்ணீர் வேண்டுமா வேண்டாமா என்று தெரிகிறது, அம்மா தேங்காயைத் தூக்கிப் பார்த்தே வாங்குவாளே, அது மாதிரி. காலையில் காபிக்கு முன்னால் அதைக் கையில் எடுக்காவிட்டால் எனக்கு என்னவோ போல இருக்கிறது.

அதனால் தோழி, வகுப்புக்குப் போகாதே, காசு தண்டம். ஞாயிற்றுக்கிழமை இங்கே வா. கெத்தோ மிச்சம் இருக்கிறது, ஒரு தடவை காய்ந்துவிட்டால் மறுபடி லேசில் ஊறாது, தள்ளிப் போடாதே. பழைய புடவை ஏதாவது விரித்துக்கொள்ள எடுத்து வா.