ஸ்பிளின்ட்டா, ஊசியா, அறுவையா: கார்ப்பல் டன்னலுக்கு எது, எப்போது?

மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதே தொல்லைக்குக் காரணம், அது கார்ப்பல் டன்னல்தான் என்று உறுதியான பிறகு நோயாளியின் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. இரவில் மணிக்கட்டை மடங்காமல் பிடித்துவைக்கும் ஸ்பிளின்ட் என்ற பட்டையை அணியலாம், மணிக்கட்டில் வீக்கம் தணிக்கும் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளலாம், அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம். பெரும்பாலோர் இவற்றைச் செலவையும் பயத்தையும் வைத்தே ஒப்பிடுவதால், மலிவானது முதலிலும் பயமுறுத்துவது கடைசியிலும் என்று ஒரு வரிசை தானாக அமைந்துவிடுகிறது. சிலருக்கு அந்த வரிசை பொருந்தும்; சிலருக்கு அதுவே கையைக் கெடுக்கும். நரம்பு இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் இம்மூன்றையும் எடை போட வேண்டும்.

உள்ளங்கை தொடங்கும் இடத்தில், சிறு எலும்புகள் அடியிலும் பக்கங்களிலும் அமைய, மேலே தடித்த இணைநார் ஒன்று மூடியிருக்கும் கார்ப்பல் டன்னல் என்ற குறுகிய வழியாக, விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் ஒன்றாகச் செல்கின்றன. தசைநாண்களைச் சுற்றியுள்ள உறை தடித்தாலோ அங்கே நீர் கோத்தாலோ முதலில் அழுந்துவது நரம்புதான். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவை மதமதத்துப் போவதும், சுண்டுவிரல் தப்பித்துக்கொள்வதும், நள்ளிரவில் விழித்துக் கையை உதறினால் சற்று நேரத்தில் தணிவதும் இந்நோயின் தொடக்க அடையாளங்கள். இந்நிலையில் நரம்பு நெருக்கப்படுகிறதே தவிர இன்னும் பெரிதாகச் சிதையவில்லை. உணர்ச்சியின்மை பகலிலும் விலகாமல் நின்றுவிட்டால், சட்டைப் பொத்தான் போடவும் ஊசியில் நூல் கோக்கவும் தடுமாறினால், கட்டைவிரலின் அடியிலுள்ள சதைமேடு மற்றக் கையோடு ஒப்பிடும்போது தட்டையாகத் தெரிந்தால், நரம்பிழைகள் அழியத் தொடங்கிவிட்டன என்று பொருள். இக்கட்டத்தில் சிலருக்கு வலி குறைவதும் உண்டு. அதைக் குணமாவதன் அறிகுறி என்று எண்ணிக்கொண்டு மருத்துவரைப் பார்க்காமல் விட்டுவிடுவதுதான் எனக்கு மிகுந்த கவலை தரும் செய்தி.

ஒப்பீட்டுக்குள் போகுமுன் நோயை உறுதிசெய்துகொள்வது அவசியம். நம் ஊரில் கை மரத்தாலே கழுத்து எலும்புத் தேய்மானம் என்று கருதிக் காலர் மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம். கழுத்திலிருந்து வரும் மரப்பு பெரும்பாலும் கழுத்தைத் திருப்பும்போது கூடும், தோளிலிருந்தே இறங்கும். சர்க்கரை நோயால் வரும் மதமதப்பு பொதுவாகப் பாதங்களில் தொடங்கும். ஐயம் இருந்தால், நரம்பில் மின்தூண்டல் எவ்வளவு வேகமாகச் செல்கிறது என்று அளக்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனை தெளிவாக்கும். நரம்பு எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் அதுவே சொல்லும்.

ஸ்பிளின்ட் எளிய கருவிதான் என்றாலும், அதைப் பிழையாக அணிந்துவிட்டு அது பயன்படவில்லை என்று தூக்கிப்போடுபவர்களே மிகுதி. தூக்கத்தில் நாம் அறியாமலே மணிக்கட்டை மடக்கிக்கொள்கிறோம். மடங்கிய நிலையிலும் பின்னால் வளைந்த நிலையிலும் அந்தக் குறுகிய வழியில் அழுத்தம் பன்மடங்கு ஏறுகிறது, நேராக இருக்கும்போதுதான் மிகக் குறைவாக உள்ளது. ஆனால் கடையில் கிடைக்கும் பல ஸ்பிளின்ட்டுகளின் உள்ளங்கைப் பக்கத்தில் செருகியிருக்கும் உலோகத் தகடு, கையைச் சற்றுப் பின்னோக்கி வளைத்துப் பிடிக்கும் வகையிலேயே வருகிறது. அந்தத் தகட்டை உருவியெடுத்து, மணிக்கட்டு முன்கையோடு ஒரே கோட்டில் நிற்கும்படி நிமிர்த்திவிட்டுச் செருக வேண்டும். ஒட்டுப்பட்டைக்கும் தோலுக்கும் இடையே ஒரு விரல் நுழையும் தளர்வும், விரல்களை முழுதாக மடக்க முடியும் அளவுக்கு உள்ளங்கையில் இடமும் இருக்க வேண்டும். இப்படி ஆறு வாரமாவது எல்லா இரவும் அணிந்த பிறகுதான் அதன் பலனைப் பற்றி முடிவுக்கு வர முடியும். வந்துபோகும் மரப்புக்கு முதல் தேர்வு இதுவே என்பதில் எனக்குத் தயக்கமில்லை. கர்ப்ப காலத்தில் வரும் தொல்லை மகப்பேற்றுக்குப் பின் பெரும்பாலும் தானே தணிந்துவிடுவதால், கர்ப்பிணிகளில் பலருக்கு இது ஒன்றே போதும்.

ஊசியின் பெருமை வேகம். பிரிட்டனில் நடந்து 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்று, லேசான அல்லது மிதமான பாதிப்புள்ள 234 பேரில் ஒரு பகுதியினருக்கு ஒரே ஒரு ஸ்டீராய்டு ஊசியும் மற்றவர்களுக்கு ஆறு வார இரவு ஸ்பிளின்ட்டும் கொடுத்து ஒப்பிட்டது. ஆறாவது வாரத்தில் ஊசி போட்டவர்களே மேலாக இருந்தார்கள். ஆறாவது மாதத்தில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஸ்பிளின்ட் பயன்படாதவர்களைக் கொண்டு ஸ்வீடனில் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்விலும், பத்தாவது வாரத்தில் தெளிவான பலன் தெரிந்தபோதிலும், அதிக அளவான 80 மில்லிகிராம் ஊசி போட்டுக்கொண்டவர்களிலேயே ஓராண்டுக்குள் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் அறுவைக்குப் போனார்கள். ஆகவே ஊசியை அவகாசம் வாங்கித் தரும் வழியாகக் கருதுவதே முறை. மகள் திருமணம், அறுவடை, தேர்வு என்று கையை இரண்டு மாதம் விட முடியாத நெருக்கடியில் இருப்பவருக்கு அந்த அவகாசம் பெரிய உதவி. ஊசி நன்றாகக் கேட்டால் நோய் கார்ப்பல் டன்னல்தான் என்பதும் வலுப்படும். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாட்கள் அளவு ஏறும் என்பதால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் நிவாரணம் குறுகிக்கொண்டே வரும்போது, அறுவைக்குப் பயந்து மூன்றாவது, நான்காவது ஊசியை நாடுவதை நான் ஏற்கமாட்டேன். ஊசி வலியை அடக்கியிருக்கும் மாதங்களில் அடியில் நரம்பு தொடர்ந்து நலியக்கூடும்.

அறுவையில் அந்த இணைநாரை வெட்டிவிடுகிறார்கள். வழி அகலமாகி நரம்புக்கு மூச்சு விட இடம் கிடைக்கிறது. நெதர்லாந்தில் 176 பேரைக் கொண்டு நடந்து 2002இல் வெளியான ஆய்வில், 18 மாதங்களுக்குப் பின் அறுவைக் குழுவில் 90 விழுக்காட்டினரும் ஸ்பிளின்ட் குழுவில் 75 விழுக்காட்டினரும் தேறியிருந்தார்கள். ஆனால் அந்த 75 விழுக்காட்டுக்குள், அதற்குள் அறுவை செய்துகொண்டுவிட்ட பலரும் அடக்கம். அதே நாட்டில் 2025இல் வெளியான பெரிய ஆய்வும், ஊசியில் தொடங்கியவர்களைவிட அறுவையில் தொடங்கியவர்களே 18 மாதத்தில் அதிகமாகக் குணமடைந்ததாகக் காட்டியது. நீடிக்கும் பலன் என்ற ஒரே கேள்வியில் அறுவைதான் முந்துகிறது. சதைமேடு தட்டையாகிவிட்டவருக்கு இதில் ஒப்பீடே தேவையில்லை. ஸ்பிளின்ட்டிலும் ஊசியிலும் மாதங்களைக் கழிக்காமல் அவர் நேராக அறுவைக்குப் போக வேண்டும்.

உள்ளங்கையில் சிறு கீறலிட்டுத் திறந்து செய்யும் முறைக்கும் எண்டோஸ்கோப் என்ற கேமரா பொருத்திய மெல்லிய குழாய் வழியாகச் செய்யும் முறைக்கும் இடையே, சில மாதங்கள் கழித்துப் பார்த்தால் பலனில் பெரிய வேறுபாடு இல்லை. எண்டோஸ்கோப்பில் தழும்பு வலி குறைவு, வேலைக்குச் சராசரியாக ஒரு வாரம் முன்னதாகத் திரும்பலாம்; தற்காலிக நரம்புத் தொல்லை மட்டும் அதில் சற்று அதிகம். அதற்காகக் கடன் வாங்கிக் கூடுதல் பணம் கட்ட வேண்டியதில்லை. கைப்பழக்கமுள்ள அறுவை மருத்துவர் எந்த முறையில் தேர்ந்தவரோ அந்த முறையே போதும்.

அறுவைக்குப் பின் இரவு வலி பெரும்பாலோருக்குச் சில நாட்களிலேயே விலகிவிடும். ஆனால் தேறும் காலம் அத்துடன் முடிவதில்லை. முதல் நாளிலிருந்தே விரல்களை மடக்கி நீட்ட வேண்டும். வீக்கம் வடியும்வரை கையைத் தலையணையில் உயர்த்தி வைக்க வேண்டும். தையல் பிரிக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும், அதுவரை புண் நனையக் கூடாது. வலக்கை என்றால் சோற்றைப் பிசைந்து உண்ண முடியாது, கரண்டிதான். அதற்குப் பின்னும் உள்ளங்கையின் அடிப்பகுதியில் இருபுறமும் ஊன்றினால் ஒரு வலி நிற்கும். தரையில் அமர்ந்து கையை ஊன்றி எழும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது நன்றாகவே உறைக்கும். பொதுவாகச் சில மாதங்களில் அடங்கிவிடும். ஈரத் துணியை முறுக்கிப் பிழிவது, குடம் தூக்குவது, இறுக்கமான மூடி திறப்பது ஆகியவற்றுக்கான பிடிமானம் மெல்லத்தான் திரும்பும் என்பதால், வீட்டிலுள்ளவர்கள் அந்த வேலைகளை ஏற்றுக்கொள்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. முன்பே நிரந்தரமாக மரத்திருந்த விரல்களில் உணர்ச்சி மீள ஓராண்டுகூட ஆகலாம். கரைந்துபோன சதை முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.

நான்காவது வழியாகப் பலர் கையாளும் எண்ணெய் நீவுதலும் பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரைகளும் மேற்சொன்ன மூன்றுக்கும் ஈடாகா. வைட்டமின் குறைபாடு இருப்பதாக இரத்தப் பரிசோதனையில் தெரிந்தால் மட்டுமே மாத்திரைக்கு இடமுண்டு. அதைவிட, தைராய்டு சுரப்புக் குறைவும் சர்க்கரையும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது மிகுந்த பயன் தரும். தைராய்டுக் குறைவைச் சரிசெய்தாலே சிலருக்குக் கை தெளிந்துவிடுகிறது. இரு கைகளிலும் தொல்லை இருந்து அறுவையும் தேவைப்பட்டால், அதிகம் பாதிக்கப்பட்ட கையை முதலில் செய்துகொண்டு, அது புழங்கத் தொடங்கிய பின் மற்றதைச் செய்துகொள்ளலாம். அந்த இடைவெளியில் காத்திருக்கும் கைக்கு இரவில் ஸ்பிளின்ட் அணிந்துகொள்வது நல்லது.