எஃப்பிஎஸ் பாட்டில்: ஹீலாவுக்கு ஓகே, எம்சிஎஃப்-7-க்கு யோசித்து வாங்குங்கள்

புற்றுநோய் செல் வளர்க்கும் லேப்காரர்களுக்கான ரிவ்யூ இது. எங்களிடம் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் 500 மில்லி எஃப்பிஎஸ் (கன்றுக்கருவின் ரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம், செல் வளர்க்கச் சேர்ப்பது) பாட்டிலைப் பற்றித்தான். கம்பெனி பெயர் வேண்டாம், சொல்லப்போவது எந்தக் கம்பெனி சீரத்துக்கும் பொருந்தும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 4 டிகிரியில் மெதுவாக உருகவிட்டால் கசடு அதிகம் இல்லை. இதை 10 சதவீதம் சேர்த்த மீடியத்தில் (செல்லை வளர்க்கும் சத்துத் திரவம்) ஹீலா என்ற கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் செல் மளமளவென்று பெருகுகிறது, ஏறக்குறைய ஒரு நாளில் இரட்டிப்பாகும் அதன் வழக்கமான வேகம் குறையவே இல்லை.

ஆனால் வேகமாக வளர்ந்தாலே நல்ல சீரம் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். சீரம் வெறும் தீனி இல்லை, அதிலுள்ள புரதங்கள் செல்லுக்கு உத்தரவே போடுகின்றன. ரத்தம் உறையும்போது பிளேட்லெட்டுகள் பிடிஜிஎஃப் போன்ற வளர்ச்சிக் காரணிகளை வெளியே விடும். உறைந்த ரத்தத்தின் சீரத்தில் தசைச் செல்கள் பெருகுகின்றன, பிளேட்லெட் இல்லாத பிளாஸ்மாவிலிருந்து எடுத்த சீரத்தில் அந்த அளவுக்குப் பெருகுவதில்லை என்று 1974-லேயே ஆய்வாளர் ரஸ்ஸல் ராஸ் குழு காட்டிவிட்டது. டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இரும்பைக் கொண்டுவந்து கொடுக்கிறது, வேகமாகப் பிரியும் புற்றுநோய் செல்கள் பலவும் அதை வாங்க ரிசெப்டர்களை (செல்லின் மேலிருந்து பிடித்துக்கொள்ளும் புரதங்கள்) நிறையவே வைத்திருக்கும். ஐஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி வளரச் சொல்கிறது, அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஐஜிஎஃப்பிபி-3 என்ற புரதம் பெரும்பாலும் அந்த வேகத்தை அடக்குகிறது. இவற்றின் அளவு லாட்டுக்கு லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) மாறும். கூட வந்த சான்றிதழில் எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு), ஹீமோகுளோபின், மொத்தப் புரதம் எல்லாம் அழகாகப் போட்டிருக்கிறார்கள், ஆனால் செல்லின் வளர்ச்சியைத் தீர்மானிக்கிற இந்தக் காரணிகளைப் பற்றி ஒரு வரி இல்லை. என் பெரிய குறை இதுதான்.

ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கிடைத்தால் வளரும் மார்பகப் புற்றுநோய் செல்லான எம்சிஎஃப்-7-இல் இது பளிச்சென்று தெரிந்தது. ஈஸ்ட்ரோஜன் சேர்க்காத கண்ட்ரோல் பிளேட்டே நன்றாக வளர்ந்து நின்றால் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் டமாக்சிஃபென் மருந்தின் பரிசோதனையில் எதை எதோடு ஒப்பிடுவது? செல் வளரச் சீரத்தோடு வரும் ஹார்மோனே போதும், அப்புறம் மீடியத்தில் இருக்கும் ஃபீனால் ரெட் என்ற நிறமியும் லேசாக ஈஸ்ட்ரோஜன் வேலை பார்க்கும். இதற்குச் சார்கோல் (ஹார்மோனை உறிஞ்சும் கரி) போட்டுச் சுத்தம் செய்த சீரமும் ஃபீனால் ரெட் இல்லாத மீடியமும்தான் சரி. சார்கோல் சில வளர்ச்சிக் காரணிகளையும் சேர்த்து இழுத்துவிடும், செல் மெதுவாகத்தான் வளரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருந்து சோதிப்பவர்கள் சீரத்தின் சதவீதத்தை நடுவில் மாற்றாதீர்கள். சீரத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதம் பாக்லிடாக்சல் மாதிரியான புற்றுநோய் மருந்துகளைப் பிடித்துக்கொள்ளும், சீரம் குறைந்தால் அதே டோஸ் கூடுதலாகக் கொல்லும்.

வாங்கும் முன் லாட் சாம்பிள் கேளுங்கள், உங்கள் செல்லிலேயே போட்டுப் பாருங்கள், பிடித்திருந்தால் அதே லாட்டை மொத்தமாக ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். இந்த லாட் தீரும்வரை ஹீலாவுக்கு நான் இதையேதான் வாங்குவேன், 5-க்கு 3 ஸ்டார். எம்சிஎஃப்-7-க்கு வேறு பாட்டில் ஆர்டர் போட்டாச்சு.