வேதியியலா, வேதிப் பொறியியலா?

"இரண்டும் கெமிஸ்ட்ரிதானே சித்தி, எதை முதலில் போட்டால் என்ன?" என்று என் அக்கா மகள் பட்டர்வொர்த்திலிருந்து போனில் கேட்டாள். பள்ளி உயர்நிலைத் தேர்வான எஸ்.டி.பி.எம். முடித்துவிட்டு, அரசுப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான யு.பி.யு. விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். நான் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் (யு.எஸ்.எம்.) வேதியியல் படித்து, பிறை நகரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். இந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் ஊர்ப் பொருளான செம்பனை எண்ணெயை எடுத்துக்கொள்வோம். ஆய்வுக்கூடத்துக்கு வரும் கச்சா எண்ணெயில் தனிக் கொழுப்பு அமிலம் (எண்ணெய் சிதைந்து பிரியும் அமிலம்) எவ்வளவு என்று பார்க்க வேண்டும். வணிக ஒப்பந்தங்களில் வழக்கமான உச்ச அளவு 5 விழுக்காடு. எண்ணெயை உருக்கி, எடைபோட்டு, கூம்புக் குடுவையில் ஆல்கஹாலுடன் கலந்து, பீனால்ப்தலீன் என்ற நிறங்காட்டியில் சில சொட்டு விடுவோம். ப்யூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுச் சொட்டாக இறங்கும். அமிலம் முழுதும் நடுநிலையானதும் இளஞ்சிவப்பு தோன்றி 30 விநாடி மறையாமல் நிற்க வேண்டும். எண்ணெயே ஆழ்ந்த ஆரஞ்சு நிறம் என்பதால் அந்தச் சிவப்பு எளிதில் கண்ணில் படாது. குடுவையை வெள்ளைத் தாள்மேல் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசிச் சொட்டை விடுவேன். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நொடி எனக்கு அலுக்கவில்லை.

அதே அமிலம் வேதிப் பொறியாளருக்கு வேறு கேள்வியாக வந்து நிற்கிறது. நாள்தோறும் பல நூறு டன் எண்ணெயிலிருந்து அதை எப்படி நீக்குவது? வெற்றிடத்தில், ஏறத்தாழ 250 பாகை செல்சியசில் நீராவி செலுத்தி ஆவியாக்குகிறார்கள். எவ்வளவு நீராவி வேண்டும், ஆவியாக்கும் கோபுரம் எவ்வளவு உயரம், வெளியேறும் சூட்டை எங்கே திருப்பிப் பயன்படுத்துவது என்பதுதான் அவருடைய அன்றாடக் கணக்கு.

இந்தக் கணக்கை லேசாக எண்ணிவிடக் கூடாது. 100 மில்லிலிட்டர் குடுவையில் அமைதியாக நடக்கும் ஒரு வினையை, நீள அகல உயரம் எல்லாம் பத்து மடங்கான கலனுக்கு மாற்றுங்கள். கொள்ளளவு 1,000 மடங்காகி 100 லிட்டர் ஆகும். சூடு வெளியேற வேண்டிய பரப்போ 100 மடங்குதான் கூடும். குடுவையில் கைக்கு இதமாக இருந்த வெப்பம் கலனில் கட்டுக்கு அடங்காமல் போகலாம். பொறியியல் மாணவர் நான்கு ஆண்டு படிப்பதில் பெரும்பகுதி இதைச் சுற்றியதுதான்: பொருள் எங்கே போகிறது, வெப்பம் எங்கே போகிறது, குழாயில் திரவம் எப்படி ஓடுகிறது. புதிய மூலக்கூறு செய்யும் ஆசையோடு போகிறவர் அங்கே ஏமாந்துபோவார்.

கணிதத்துக்குப் பயந்து வேதியியலுக்கு வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு இயற்பிய வேதியியல் காத்திருக்கிறது. எலக்ட்ரானின் நடத்தையைக் கணக்கிடும் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைத் தவிர்த்துவிட்டு யாரும் பட்டம் வாங்க முடியாது. தவிர, மூன்று மணி நேர ஆய்வுக்கூடம் முடிந்தால் அன்றிரவே அறிக்கை எழுத வேண்டியிருக்கும். பொறுமை இல்லாதவருக்கு அது தண்டனை.

இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். யு.எஸ்.எம்.மில் வேதியியல் பினாங்குத் தீவிலுள்ள மிண்டன் வளாகத்தில். வேதிப் பொறியியல் பெருநிலத்தில், நிபோங் திபாலில். இரண்டுக்கும் நடுவே கடல். கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இரண்டு துறைகளும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன.

பெற்றோர் முக்கியமாகக் கேட்பது வேலையைத்தான். இதில் பூசி மெழுக விரும்பவில்லை. அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டம் இருந்தால் 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிந்து, அனுபவமும் தேர்வும் கடந்து தொழில்முறைப் பொறியாளர் பெயருக்கு முன் இடும் 'இர்' என்ற பட்டத்தை எட்டலாம். வேதியியல் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்த வழியில் பிறகு நுழைய முடியாது. வேதியியலாளருக்கு 1975ஆம் ஆண்டுச் சட்டமும் மலேசிய வேதியியல் கழகமும் உண்டு. பதிவுபெற்ற வேதியியலாளர் கையெழுத்திடும் அறிக்கைக்கு மதிப்பு உண்டு என்பதை நானே நாள்தோறும் பார்க்கிறேன். ஆனாலும் இளங்கலையோடு நின்றால் பெரும்பாலும் தரக்கட்டுப்பாட்டு ஆய்வுக்கூடத்தில்தான் தொடங்க வேண்டியிருக்கும். ஆராய்ச்சி வேண்டுமென்றால் முதுகலை, முனைவர் பட்டம் என்று மேலும் பல ஆண்டுகள். பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைகள் இரு தரப்பினரையும் எடுக்கின்றன.

சம்பளமும் பதவிப் பாதையும் முதன்மை என்றால் பொறியியலே பாதுகாப்பான வழி. மருத்துவம் கிடைக்காததால் வேதியியல் என்று வருகிறவரை நான் தடுக்கவே பார்ப்பேன். பொருள் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்தே ஆக வேண்டும் என்பவருக்கு வேதியியலைத் தவிர வேறு எதுவும் நிறைவு தராது என்பது என் உறுதியான எண்ணம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, சம்பளத்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. "எண்ணெய்க்கு அந்த ஆரஞ்சு நிறம் எதனால் சித்தி?" என்றாள். கரோட்டின் என்ற நிறமி என்றேன். "அது ஏன் ஆரஞ்சாக இருக்கிறது?" ஒன்றுவிட்டொன்றாக நீளும் இரட்டைப் பிணைப்புகள் நீல ஒளியை உறிஞ்சிக்கொள்வதைச் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது. மிண்டன் வளாகத்தை முதலில் போடச் சொன்னேன்.