சோலார் வெந்நீர், பதினொரு வருஷம், தினமும் அரை பக்கெட் பச்சைத் தண்ணீர்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டுத் தென்னை மட்டை எங்கள் மொட்டை மாடியில் விழுந்தது. சத்தம் கேட்டு நான் மேலே ஏறிப் போவதற்குள் சோலார் ஹீட்டரில் இரண்டு கண்ணாடி ட்யூப் உடைந்து, டேங்கில் இருந்த வெந்நீர் மாடியெங்கும் ஆவி பறக்க ஓடிக்கொண்டிருந்தது. அதன் பின்னாலேயே சின்டெக்ஸ் தண்ணீரும் வந்து சேர்ந்தது. நிறுத்தலாம் என்று கேட் வால்வைப் பிடித்தால் திரும்பவில்லை. பதினொரு வருஷமாக யாரும் தொடாத வால்வு. ரெஞ்ச் போட்டு அதை மூடி முடிப்பதற்குள் 1000 லிட்டரில் பாதி சாக்கடைக்குப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் மச்சான் போன் செய்தான். இங்கே பெங்களூரில் ஹொரமாவில் முப்பதுக்கு நாற்பது அடி சைட்டில் வீடு கட்டுகிறான், சென்ட்ரிங் நடக்கிறது. "மாமா, உங்க வீட்டு சோலார் எப்படி இருக்கு? நானும் அதையே போட்டுடவா?"

கேட்ட நேரம் சரியில்லை. கொஞ்சம் ஆறிய பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். மெக்கானிக் வர மூன்று நாள் ஆனது. அதுவரை பச்சைத் தண்ணீர்க் குளியல். ஆகவே ஆறியது நான் மட்டும்தான், கோபம் ஆறவில்லை. இருந்தாலும் நியாயமாகச் சொல்ல முயற்சி செய்கிறேன்.

எங்களுடையது ராமமூர்த்தி நகரில் தரைத்தளமும் மேலே ஒரு தளமும் உள்ள வீடு. அம்மாவுக்கு மூட்டுவலி, அதனால் கீழே நாங்கள், மேலே வாடகைக்கு ஹுப்பள்ளிக் குடும்பம். ஹீட்டர் 2014-ல் போட்டது, 200 லிட்டர், இருபது ட்யூப். கம்பெனிப் பெயர் எழுதப் போவதில்லை, இப்போது போன் எடுப்பதும் இல்லை. அந்த வருஷம் வீட்டுக்கு மின் இணைப்பு கேட்டால் சோலார் எங்கே என்று கேட்பார்கள். போட்டவர்களுக்கு யூனிட்டுக்கு 50 பைசா, மாதத்துக்கு அதிகபட்சம் 50 ரூபாய் என்று பெஸ்காம், அதாவது இங்கத்து மின்சாரக் கம்பெனி, பில்லில் கழிவும் கொடுத்தது. நான் ஒன்றும் சுற்றுச்சூழலுக்காகப் போடவில்லை.

தாமிரத் தகடு வைத்த மாடல் வாங்காமல் ட்யூப் வைத்தது வாங்கியது மட்டும் நான் செய்த புத்திசாலித்தனம். எங்கள் பகுதியில் அப்போது முழுக்க போர் தண்ணீர்தான். கடுமையான உப்பு. அந்தத் தண்ணீர் தாமிர மாடலின் மெல்லிய பைப்புகளில் படிந்து நாலைந்து வருஷத்தில் அடைத்துவிடும். ட்யூபில் அந்தக் கவலை குறைவு, படிவது அடியில் போய்த் தங்கும். எவ்வளவு தங்கும் என்பதை இந்த வாரம்தான் கண்ணால் பார்த்தேன். மெக்கானிக் உடையாத ட்யூப் ஒன்றையும் உருவி பக்கெட்டில் கவிழ்த்தார். முதலில் பால் மாதிரி தண்ணீர், அப்புறம் முட்டை ஓடு உடைத்துப் போட்டாற்போல் வெள்ளை வெள்ளையாகச் சில்லுகள், கடைசியில் சேறு. ஒரு ட்யூபில் மட்டும் இரண்டு கை நிறைய வந்தது. உடையாத பதினெட்டையும் கழுவ ஒரு மணி நேரம் ஆனது. இதை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை செய்யணும் சார் என்றார். பதினொரு வருஷத்தில் நான் செய்தது இந்த ஒரு தடவைதான்.

இன்னொன்றும் காட்டினார். ஒவ்வொரு ட்யூபின் அடி நுனியிலும் உள்ளே கண்ணாடி போல வெள்ளி நிறத்தில் ஒரு பூச்சு இருக்கிறது, பேரியம். இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே இருக்கும் வெற்றிடம் கெட்டுப்போனால் அந்த வெள்ளி போய் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துவிடுமாம். எங்கள் இருபதில் மூன்று வெளுத்திருந்தன. உடைந்தது இரண்டு, செத்தது மூன்று. வருஷக்கணக்கில் அந்த மூன்றும் சும்மா வெயில் காய்ந்துகொண்டு இருந்திருக்கின்றன. மாடியில் துணி காயப்போடப் போகும்போது குனிந்து பார்த்தால் தெரிகிற விஷயம், பதினொரு வருஷமாக யாரும் சொல்லவில்லை. ட்யூப் மாற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வெயில் ஏறுவதற்கு முன்பே மாட்டித் தண்ணீர் விட்டுவிடுங்கள். காலியாகக் காய்ந்த ட்யூபில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அப்படியே வெடிக்கும்.

சரி, ட்யூப் கதை போதும். என் உண்மையான வயிற்றெரிச்சல் வேறு.

காலை ஐந்தரைக்குக் குளியலறைக் குழாயைத் திறந்து, கையை நீட்டிக்கொண்டு நிற்பேன். வருவது ராத்திரி முழுக்கப் பைப்பில் கிடந்த தண்ணீர். டிசம்பர் மாதமாக இருந்தால் விரல் விறைக்கும். நிமிஷம் போகும். வெதுவெதுவென்று ஒரு பொய்ச் சூடு வரும், கையை எடுக்க மாட்டேன், அனுபவம். அப்புறம்தான் வெந்நீர். அதற்குள் பக்கெட்டில் பாதிக்கு மேல் பச்சைத் தண்ணீர் நிற்கும். ஒரு நாள் கோபத்தில் ஒரு லிட்டர் மக்கால் மொண்டு அளந்தேன். 11 லிட்டர்.

இது ஹீட்டரின் குற்றம் இல்லை என்பதுதான் கொடுமை. வீடு கட்டும்போது மாமனார் வாஸ்துப்படிதான் என்று நின்றார். மேல்நிலைத் தொட்டி கன்னி மூலையில், சோலாரும் அதை ஒட்டி. குளியலறை வாயு மூலையில், சமையலறை அக்னி மூலையில். ஆக, வெந்நீர் வீட்டின் நீளத்துக்கு நாற்பது அடி கைப்பிடிச் சுவரோடு நடந்து, இரண்டு மாடி இறங்கி, சுவருக்குள் திரும்பி எங்களிடம் வர வேண்டும். மொத்தம் 22 மீட்டர். போதாக்குறைக்கு பிளம்பர், "பிரஷர் நல்லா வரும் சார்" என்று ஒரு இஞ்சு பைப் போட்டார். ஒரு இஞ்சு சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) பைப்பில் அந்த நீளத்துக்கு ஒன்பது லிட்டருக்கும் மேல் தண்ணீர் நிற்கும். பைப்பும் சூடேற வேண்டும், அதற்கு இன்னும் கொஞ்சம். முக்கால் இஞ்சு போட்டிருந்தால் ஐந்தரை லிட்டரோடு முடிந்திருக்கும்.

மேல் வீட்டுக்காரர்களுக்கு ஐந்து விநாடியில் வெந்நீர். வீட்டுக்காரன் கீழே கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். வாடகைக்காரர் கொதிக்கக் கொதிக்கக் குளித்து, கன்னடத்தில் பாட்டும் பாடுகிறார். அவர்கள் வீட்டில் ஊரிலிருந்து விருந்தாளி வந்திருந்தால் இன்னும் விசேஷம். 11 லிட்டரைக் கொட்டிக் காத்திருந்தும் கடைசியில் வருவது வெதுவெதுப்புதான், டேங்கையே அவர்கள் முடித்திருப்பார்கள்.

ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது இப்படித் திறக்கிறோம். முப்பது லிட்டர் என்றாலும் வருஷத்துக்குப் பதினோராயிரம் லிட்டர். 2024 மார்ச்சில் ஊரே தண்ணீருக்கு அலைந்தபோது இந்தக் கணக்கு எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. அப்போது 12,000 லிட்டர் டேங்கருக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் 1000 ரூபாய் என்று மாவட்ட நிர்வாகம் விலை வைத்தது. அந்த விலைக்கு எங்கள் தெருவுக்கு ஒரு டேங்கரும் வரவில்லை. குடிதண்ணீரில் கார் கழுவினால் 5000 ரூபாய் அபராதம் என்றார்கள். நான் வெந்நீருக்குக் காத்திருந்தே வருஷம் ஒரு டேங்கர் கொட்டுகிறேன். அந்த மார்ச்சில்தான் அம்மா குழாயடியில் நிரந்தரமாக ஒரு நீல பக்கெட் வைத்தார். முதல் தண்ணீர் அதற்குள், அப்புறம் துணி அலச, வாசல் தெளிக்க, கறிவேப்பிலைச் செடிக்கு. பெங்களூரில் இவ்வளவு செழிப்பான கறிவேப்பிலை வேறு யார் வீட்டிலும் இல்லை.

சரி பண்ணப் பார்க்காமல் இல்லை. பைப்புக்குக் கறுப்பு நுரை உறை சுற்றினேன். ஒருவர் குளித்து அரை மணியில் அடுத்தவர் குளித்தால் பலன் தெரிகிறது. ராத்திரி முழுக்கக் கிடக்கும் தண்ணீருக்கு எந்த உறையும் உதவாது. மூன்று லிட்டர் கீசரை வழியில் மாட்டினேன், 11 லிட்டருக்கு அது எந்த மூலைக்கு? சோலார் லைனை ஒரு 15 லிட்டர் கீசருக்குள் விட்டு அங்கிருந்து குழாய்க்கு எடுத்தால் சரியாகும், பைப்பில் கிடக்கும் குளிர்ந்த தண்ணீர் கீசர் சூட்டில் கலந்துவிடும். அதற்கு டைல்ஸ் உடைக்க வேண்டும். மனைவி சம்மதிக்கவில்லை.

நடுவில் ஒரு வருஷம் கழிப்பறை ஹெல்த் ஃபாசெட்டில் வெந்நீர் வந்தது. யார் எப்படி அலறினார்கள் என்று எழுத மாட்டேன். அந்தக் கை ஷவரை நுனியில் மட்டும் அடைத்துவிட்டு, இரண்டு தண்ணீரையும் கலந்து தரும் மிக்சர் குழாயைத் திறந்தே வைத்தால், வெந்நீர் லைனும் பச்சைத் தண்ணீர் லைனும் மிக்சருக்குள்ளேயே கலந்துவிடுகின்றன. தண்ணீரைத் திரும்பிப் போக விடாத நான்-ரிட்டர்ன் வால்வை இரண்டு லைனிலும் ஆளுக்கொன்று போட்டதும் நின்றது. இதை முதலிலேயே போட்டிருக்க வேண்டும்.

தீபாவளியை மட்டும் சொல்லிவிடுகிறேன். வருஷத்தில் வெந்நீர் கட்டாயம் வேண்டிய நாள் அதுதான். எண்ணெய் வைத்து, சீயக்காய் கரைத்து, நாலு மணிக்கு வரிசையாக நிற்போம். பெங்களூரில் ஐப்பசி என்றால் மூன்று நாளாக மேகம். டேங்கில் இருப்பது வெந்நீரும் இல்லை, தண்ணீரும் இல்லை. உள்ளே 2 கிலோவாட் மின்சார ஹீட்டர் காயில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது நமக்கு வேண்டிய நாலு பக்கெட்டை மட்டும் காய்ச்சாது, 200 லிட்டரையும் காய்ச்சும். இருபது டிகிரி ஏற்ற நாலரை யூனிட்டுக்கு மேல், இரண்டேகால் மணி நேரம். ஏப்ரலில் போய்ப் பாருங்கள், டீ போடுகிற சூட்டில் நிற்கும். அப்போது யாருக்கு வேண்டும்?

இப்போது நல்லதும் சொல்ல வேண்டும். பதினொரு வருஷத்தில் இதன் ரிப்பேருக்காக நான் செலவழித்தது, இந்த வார ட்யூப் எல்லாம் சேர்த்தும், ஒரு நல்ல கீசர் விலைக்குள்தான். நாலு பேருக்குத் தினமும் இரண்டு யூனிட், மாதம் அறுபது யூனிட் மிச்சம். நான் கொஞ்சமும் எதிர்பார்க்காதது மத்தியான வெந்நீர். அம்மா மூன்று மணிக்கு ஒரு டப்பில் கல்லுப்பு போட்டு, சூடு தாங்கும் அளவுக்குக் கலந்து, காலை வைத்துக்கொண்டு உட்காருவார். சுவிட்சைப் போடட்டுமா, பில் ஏறுமா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. கீசராக இருந்தால் அவர் ஒரு நாளும் அப்படி உட்கார்ந்திருக்க மாட்டார், எனக்குத் தெரியும். நெய் பிடித்த பாத்திரத்துக்கும் அதே தண்ணீர்தான்.

அந்த மிச்சத்துக்குக் கிடைத்த மரியாதையையும் கேளுங்கள். 2023-ல் கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டம், கிருஹ ஜோதி, வந்தது. 200 யூனிட்டுக்குள் இலவசம், ஆனால் முந்தைய வருஷம் நீங்கள் சராசரியாக எவ்வளவு எரித்தீர்களோ அதற்கு மேல் பத்து சதவீதம் வரைதான். எங்கள் சராசரி 110, ஆகவே 121 யூனிட். எதிர் வீட்டில் கீசர். அவர்கள் சராசரி 175, ஆகவே 190-க்கு மேல். வெயிலில் காய்ச்சிக் குளித்தவனுக்குக் குறைவு.

இதையெல்லாம் கூட்டிக் கழித்தால் ஹீட்டர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நேற்று ராத்திரி மச்சானுக்கு நான் அனுப்பியது: "போடாதே. குளியலறைக்கு ஒரு கீசர் மாட்டிவிட்டு நிம்மதியாக இரு." மார்ச்சில் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ. பிறகு மனசு கேட்காமல் இன்னொன்றும் அனுப்பினேன்: போட்டே தீருவாய் என்றால் குளியலறைக்கு நேர் மேலே போடு, பைப் முக்கால் இஞ்சுக்கு மேல் வேண்டாம், பிவிசி வேண்டவே வேண்டாம் வளைந்துவிடும், சின்டெக்ஸின் அடி சோலார் டேங்கின் தலைக்கு மேலே இருக்கட்டும், பால் வால்வு (ball valve) வாங்கி மாதம் ஒரு தடவை திருப்பிப் பார், மேலே தென்னை இருக்கிறதா என்று அண்ணாந்து பார்.

அதற்குள் மனைவி தன் போனிலிருந்து தம்பியிடம், "அவர் சொல்றதைக் கேட்காதே, 300 லிட்டராப் போடு" என்று சொல்லி முடித்திருந்தாள்.

இன்று காலை வீட்டு பிளானை அனுப்பியிருக்கிறான். பெரிதாக்கிப் பார்த்தேன். தொட்டி கன்னி மூலையில், குளியலறை வாயு மூலையில். மாமனாருக்கு எண்பத்திரண்டு வயதாகிறது, சைட்டுக்கு வாரம் இரண்டு தடவை போகிறாராம்.